குதிக்கால் நோ: முள்ளை வெட்டத்தான் வேண்டுமா?

2023 மார்ச் 4. செங்கலடியிலிருந்து ஒரு ரீச்சர் கேட்டது

எட்டு மாதமாக வலது குதிக்காலில் நோ. எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பில் முள்ளு வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அதை வெட்டி எடுக்காமல் நோ போகாது என்கிறா என் மச்சாள். எனக்கு 52 வயது, இன்னும் எட்டு வருடம் வகுப்பில் நின்று படிப்பிக்க வேண்டும். வெட்டாமல் சுகமான ஆட்கள் யாராவது இருக்கிறீர்களா?

2023 மார்ச் 5

ரீச்சர், வெட்ட ஓடாதீர்கள். எனக்கும் முள்ளு இருக்கிறது, ஜனவரியில் ஊசி போடும் வரை நோவும் இருந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று இப்போதுதான் விளங்கிக்கொண்டு வருகிறேன்.

நான் களுவாஞ்சிகுடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். இடியப்பம், பிட்டு, சொதி, சம்பல். விடிய மூன்றரைக்கு எழும்பினால் பத்து மணி வரை சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்கவேண்டும். பதினொரு வருடமாக இதுதான் வேலை. இடது காலில் நோ தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது.

அப்போதெல்லாம் கட்டிலால் இறங்கி முதல் அடி வைக்கும்போதுதான் உயிர் போகும். குதிக்காலின் அடியில், கொஞ்சம் உள்பக்கமாக, ஒரு ரூபாய்க் குற்றி அளவான இடம். விரலால் அமத்தினால் அந்த இடம் மட்டும் சுள்ளென்று வரும், மற்ற இடத்தில் ஒன்றும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு விரல் நுனியில் குசினிக்குப் போவேன். மாக் குழைத்து இரண்டு தட்டு இடியப்பம் பிழிவதற்குள் நோ தணிந்துவிடும். சரி, விட்டுவிட்டது என்று நினைப்பேன். பத்து மணிக்குக் கதிரையில் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்பினால் திரும்ப முதல் அடி மாதிரியே இருக்கும்.

இதுவரை செய்தவை: பனடோல், டைக்குளோபெனாக் (வயிறு எரிந்ததால் விட்டேன்), நொச்சி இலை போட்டுக் கொதித்த தண்ணீர், தைலம், எருக்கலை இலை. செங்கல்லைச் சூடாக்கி, மேலே எருக்கலை இலையை அடுக்கி, குதிக்காலை வைத்து எடுப்பது எங்கள் பெத்தா சொல்லித் தந்தது. செய்த பிறகு இரண்டு மணித்தியாலம் நல்ல சுகம். செய்து பாருங்கள்.

ஜனவரியில் ஊசியும் போட்டேன். அதைப் பிறகு எழுதுகிறேன், கடைக்கு ஆட்கள் வருகிறார்கள்.

2023 மார்ச் 6

முள்ளைப் பற்றி. எக்ஸ்ரே பார்த்த டொக்டரிடம் நானும் “இதை எடுத்துவிட்டால் சரிதானே” என்று கேட்டேன். அவர் என் மற்றக் காலையும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். நோ இல்லாத வலது காலிலும் அதே முள்ளு, இன்னும் கொஞ்சம் பெரிதாக. முள்ளு இருந்தும் வாழ்நாளில் ஒரு நாளும் நோகாத ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், முள்ளே இல்லாமல் நோகிற ஆட்களும் இருக்கிறார்கள் என்றார்.

நோகிறது எலும்பு இல்லை, குதிக்கால் எலும்பிலிருந்து விரல்கள் வரைக்கும் பாதத்தின் அடியில் ஓடுகிற தடித்த நார்ப்பட்டை. பெயர் பிளாண்டர் ஃபேசியா. அது எலும்பில் ஒட்டுகிற இடத்தில்தான் கோளாறு. இருந்துகொண்டு ஒரு காலை மற்றத் தொடையில் போட்டு, பெருவிரலைக் கையால் மேலே இழுத்துப் பாருங்கள். பாதத்தின் நடுவில் கொடிக்கயிறு இழுபட்ட மாதிரி ஒன்று விறைத்து நிற்கும். மறு கை விரலால் தடவினால் தெரியும். அதுதான் ஆள்.

இரவு படுக்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடப்பதால் அந்த நார் சுருங்கியே இருக்கிறது. விடிய எழும்பி முழுப் பாரத்தையும் ஒரேயடியாக வைத்தால் இழுபடுகிறது. முதல் அடியில் உயிர் போவதற்குக் காரணம் இதுதான்.

வெட்டுகிறவர்களும் அநேகமாக வெட்டுவது அந்த நாரில் ஒரு பகுதியைத்தான். வேறு எல்லாம் செய்து பார்த்துப் பல மாதம் போன பிறகுதான் அந்தப் பேச்சு. பத்துப் பேரில் எட்டுப் பேருக்காவது வெட்டாமலே ஒரு வருடத்துக்குள் சுகம் வருகிறது.

2023 மார்ச் 19

ஊசி போட்ட கதையைக் கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள்.

ஸ்டெரொயிட் ஊசி. போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கவேண்டும், பொய் சொல்லமாட்டேன். நாலாம் நாள் விடிய எழும்பிக் காலை வைத்தேன், நோவே இல்லை. அடுப்படியில் நின்று அழுதேன். இன்றைக்கு இரண்டு மாதம், கால் நன்றாகத்தான் இருக்கிறது. வசதிப்பட்டால் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

2023 ஏப்ரல் 2

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். நோ திரும்ப வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கொஞ்சம், நேற்று முழுசாக.

திரும்ப ஊசி போடப் போனேன். இந்த முறை வேறு டொக்டர், பொறுமையாக இருத்திவைத்துக் கதைத்தார். இந்த ஊசி சில கிழமைக்கு, கூடினால் சில மாதத்துக்கு நோவை அமத்தும், நாரைச் சுகப்படுத்தாது. திரும்பத் திரும்பப் போட்டால் நார் அறுந்துபோகவும் இடமுண்டு, குதிக்காலில் மெத்தை மாதிரி இருக்கிற கொழுப்பும் மெலிந்துபோகலாம். அந்த மெத்தை போனால் பிறகு நடக்கிற ஒவ்வொரு அடியும் எலும்பில் என்றார். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஊசி போட்ட பிறகு சில நாள் சீனி ஏறும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

ஊசியே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. கலியாண வீடு, பரீட்சைக் காலம் என்று தவிர்க்க முடியாத ஒரு மாதத்தைத் தாண்ட அது உதவும். அந்த நோ இல்லாத இரண்டு மாதத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்று இருந்தது, செய்யவில்லை. அதைச் சொல்லித் தரத்தான், பயிற்சியால் சுகப்படுத்துகிற பிசியோவிடம் அனுப்பியிருக்கிறார்.

2023 ஏப்ரல் 21

இதைத் தயவுசெய்து எல்லோரும் வாசியுங்கள்.

முதல் நாள் செங்கல் ஒத்தடம் எழுதியிருந்தேன். எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டு மாமி அதைக் கேள்விப்பட்டுச் செய்திருக்கிறா. பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். காலில் உணர்ச்சி குறைந்துபோனது அவவுக்கே தெரியாது. சூடு தெரியாததால் காலை எடுக்காமல் வைத்திருந்திருக்கிறா. மறுநாள் மகள் பார்த்தபோது குதிக்கால் முழுவதும் கொப்புளம். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து கட்டப் போகிறா. போய்ப் பார்த்தேன். “நீ சொன்னதால் இல்ல மகள், நான்தான் கூட நேரம் வச்சிட்டன்” என்று என்னைத் தேற்றுகிறா. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சீனி வருத்தம் உள்ளவர்கள் செங்கல், சுடுமணல், சுடுதண்ணீர், ஹீற்றிங் பாட் எதையும் காலில் வைக்காதீர்கள். ஐஸும் அப்படித்தான், விறைத்துப் புண்ணாகும். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்பதைக் கிளினிக்கில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். சூடு சுகமாகத்தான் இருக்கும், அந்த நேரத்துக்கு. பெத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். அவ வயலில் மண்ணில் நடந்த மனுசி, இந்தச் சீமெந்து அவ காலுக்குத் தெரியாது.

2023 ஏப்ரல் 30

பிசியோ தந்த முதல் பாடம். கட்டிலால் இறங்குவதற்கு முன், காலை மடியில் போட்டு, விரல்கள் ஐந்தையும் பிடித்துக் கணுக்கால் பக்கமாக இழுக்க வேண்டும். பத்து எண்ணும் வரை. பிறகு விடவேண்டும். இப்படிப் பத்துத் தரம், ஒரு நாளைக்கு மூன்று முறை. அதில் முதல் முறை கட்டாயம் முதல் அடிக்கு முன்னால். நான் அலாரத்தை ஐந்து நிமிடம் முன்னுக்கு வைத்துவிட்டேன்.

இரண்டாவது கெண்டைக்கால். சுவரில் கையை ஊன்றி, நோகிற காலைப் பின்னுக்கு வைத்து, முழங்கால் மடியாமல், குதி நிலத்தில் பட, முன்னுக்குச் சாய்வது. கெண்டைக்கால் இறுகினால் கீழே நாரையும் சேர்த்து இழுக்குமாம்.

தண்ணீரை ஐஸாக்கிய பிளாஸ்ரிக் போத்தலைத் துணி சுற்றிப் பாதத்தின் கீழே உருட்டுவதும் சொன்னார். பின்னேரம் கடை கழுவி முடித்த பிறகு செய்கிறேன். சுகம் தருகிறது, அவ்வளவுதான்.

2023 மே 2

காத்தான்குடி ராத்தா ஒருவர் கேட்டிருந்தது நல்ல கேள்வி. தொழுகையில் அத்தஹிய்யாத் இருப்பில் வலது கால் விரல்களை மடக்கி ஊன்றி இருக்கும்போது பாதம் இழுக்கிறதாம், கதிரைக்கு மாறவேண்டுமா என்று கேட்கிறார்.

பிசியோவிடம் கேட்டுவந்தேன். விரலைப் பின்னுக்கு மடக்கி நாரை இழுப்பது நாங்கள் கையால் செய்கிற அதே வேலைதான். இதமான இழுவையாக இருந்தால் பயமில்லை. குத்துகிற நோ வந்தாலோ, எழும்பிய பிறகும் கூடிக்கொண்டு போனாலோ கொஞ்ச நாள் கதிரையில் இருங்கள், சுகமானதும் திரும்பலாம் என்றார். நாளைக்கு ஐந்து வேளை காலை நீட்டி மடக்குகிற ஆளுக்கு இது சீக்கிரம் சுகமாகட்டும் ராத்தா.

2023 மே 14

செருப்பு.

இதுதான் எங்கள் வீட்டில் பெரிய கதையாகிவிட்டது. பிசியோ சொன்னது, வெறுங்காலோடு சீமெந்தில் நிற்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயும். குதி கொஞ்சம் உயர்ந்த, நடுப்பாதத்தைத் தாங்குகிற, மெத்தென்ற செருப்பு வேண்டும். என்னிடம் இருந்த ரப்பர் செருப்பு குதிப் பக்கம் கடதாசி மாதிரித் தேய்ந்திருந்தது. அதைப் போட்டு நிற்பதும் வெறும் தரையில் நிற்பதும் ஒன்றுதான்.

எங்கள் வீட்டு மாமிக்குக் குசினிக்குள் செருப்பு என்றால் ஆகாது. அம்மனுக்குப் பொங்கல் அரிசி எடுத்துவைக்கிற இடம். நான் எதிர்த்துக் கதைக்கவில்லை, அவவின் மனதும் எனக்கு விளங்கும். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவவே சொன்னா: புதுசாக ஒரு சோடி வாங்கு, வாசலுக்கு வெளியே ஒரு நாளும் போகக் கூடாது, அரிசிப் பானைப் பக்கம் போகும்போது கழற்று என்று. நீலப்பட்டைச் செருப்பு ஒரு சோடி வாங்கி, கழுவி, குசினி நிலையடியில் வைத்திருக்கிறேன். நான் மறந்து வெறுங்காலோடு நின்றால் இப்போது மாமிதான் “செருப்பைப் போடு பிள்ளை” என்று சத்தம் போடுகிறா.

கடையிலும் இடியப்பம் பிழிகிற இடத்தில் பழைய ரப்பர் மெத்தை ஒன்றைப் போட்டேன். குதிக்குள் வைக்கிற ஜெல் துண்டும் வாங்கினேன். விலை கூடியதற்கும் குறைந்ததற்கும் என் காலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. காலை அளந்து செய்கிற சப்பாத்து அடி இன்னும் விலை, அதற்கு நான் போகவில்லை.

2023 ஜூன் 7

சடங்கு முடிந்தது. கண்ணகி அம்மன் கோயில் வீதியில் வெறுங்காலோடுதான், அதில் மாற்றம் இல்லை. பிசியோ பாதத்தின் அடியில் பிளாஸ்ரர் பட்டி ஒட்டிவிட்டார். குதியைச் சுற்றி வந்து நடுப்பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி. சடங்கின் முடிவில் வருகிற திருக்குளிர்த்தி வரை தாங்கியது. அது சில நாளுக்குத்தான், தோல் அரித்தால் கழற்றிவிட வேண்டும்.

கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். உகந்தைக்குப் பிறகு காடு, மணல், வெயில். ஒரு மாதம் முன்பே தொடங்கிய நோவோடு போகிறவர்களுக்கு நான் தைரியம் சொல்ல மாட்டேன். முருகன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பான். போவதென்றே முடிவெடுத்தால், கோயில் எல்லைக்குள் மட்டும் செருப்பைக் கழற்றுங்கள், பாதையில் போட்டு நடவுங்கள்.

2023 ஜூன் 25

இப்போதுதான் முக்கியமான விசயத்துக்கு வருகிறேன்.

இழுக்கிற பயிற்சியால் என் நோ பாதியாகி, அங்கேயே நின்றுவிட்டது. பிசியோ அடுத்ததைத் தந்தார். வீட்டுப் படியின் ஓரத்தில் துவாயைச் சுருட்டி வைத்து, விரல்கள் அதன்மேல் ஏறி மேலே வளைந்து நிற்க, குதி வெளியே தொங்க, ஒற்றைக் காலில் நின்று மெதுவாக ஏறி இறங்க வேண்டும். மூன்று எண்ணி ஏறு, மேலே இரண்டு எண்ணி நில், மூன்று எண்ணி இறங்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். பன்னிரண்டாவது தரம் ஏறும்போது இனி முடியாது என்று வரவேண்டும். அப்படி மூன்று சுற்று. இலேசாகிவிட்டால் முதுகில் பாரம் ஏற்ற வேண்டும்.

“நோகிற காலில் பாரமா?” என்று நானும் கேட்டேன். இந்த நோவுக்குப் பிளாண்டர் ஃபேசைட்டிஸ், அதாவது நார் அழற்சி என்று பெயர் வைத்திருந்தாலும், மாதக்கணக்கில் இழுபட்ட பிறகு அது நார் நைந்துபோன நிலை. நோ மருந்து அந்த நைவை மாற்றாது. மெல்ல மெல்லப் பாரம் கொடுத்தால்தான் நார் திரும்ப உரமாகும் என்றார்.

டென்மார்க்கில் 48 பேரை வைத்துச் செய்து 2014இல் வெளிவந்த ஆய்வில் இருந்து வந்த முறை இது. மூன்றாம் மாதத்தில், வெறுமனே இழுத்தவர்களைவிட இப்படிப் பாரம் ஏற்றினவர்களுக்கு நோ நன்றாகக் குறைந்திருந்தது. அவர்கள் பையில் புத்தகம் போட்டு முதுகில் மாட்டினார்களாம். என்னிடம் எங்கே புத்தகம்? மகனின் பழைய பள்ளிக்கூடப் பையில் ஒரு கிலோ அரிசிப் பொதி போட்டேன்.

முதலில் இரண்டு காலாலும் ஏறுங்கள். நான் முதல் கிழமை அப்படித்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

2023 ஜூன் 26

ஒன்று விட்டுப்போனது. அதே ஆய்வில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பகுதியாரும் ஏறக்குறைய ஒரே அளவு சுகத்தில்தான் இருந்தார்கள். அதனால் இழுக்கிற பயிற்சியை மட்டும் விடாமல் செய்கிறவர்கள் மனம் தளரத் தேவையில்லை. எனக்குச் சீக்கிரம் குறைவதே பெரிது, கடை இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 13

அக்கரைப்பற்றுத் தம்பிக்கு நான் மே மாதம் தனியாக எழுதினது பிழை. அதை இங்கேயே சொல்கிறேன், அவரும் எழுதச் சொன்னார்.

27 வயது, வயல் செய்கிறவர். இரண்டு குதிக்காலும் நோகிறது என்று கேட்டார். நானும் விரலை இழுங்கள், செருப்பை மாற்றுங்கள் என்று எழுதினேன். அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். விடிய எழும்பினால் இடுப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருக்கும், வரம்பில் நடக்க நடக்க இளகும், ஓய்வெடுத்தால் கூடும் என்று. அதை நான் வேலைக் களைப்பு என்று தாண்டிவிட்டேன். இரவில் இடுப்பு நோவால் எழும்புகிறேன் என்று போன மாதம் அவர் எழுதியபோதுதான் எனக்குப் பொறி தட்டி, பிசியோவிடம் காட்டினேன். உடனே டொக்டரிடம் அனுப்பச் சொன்னார்.

இப்போது அவர் வாதநோய்க் கிளினிக்கில். முதுகெலும்பை இறுக்குகிற ஒருவகை வாதம், அங்கைலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ். நார்கள் எலும்பில் ஒட்டுகிற இடங்களில் அழற்சி வருவதால் குதிக்காலிலும் நோ காட்டும். அதற்கு மருந்து வேறு, சீக்கிரம் தொடங்குவது நல்லது. இரண்டரை மாதம் என்னால் பிந்தியது. தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் பயிற்சிகளைத் தொடங்குமுன் பாருங்கள். இளவயதில் இரண்டு குதியும் நோகிறதா, கூடவே இடுப்பு விறைக்கிறதா? குதியில் எரிவு, விறைப்பு, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா? அது நரம்பாக இருக்கலாம். குதிக்கால் எலும்பை இரு பக்கமும் கையால் நசித்தால் உயிர் போகிறதா, நடக்க நடக்கக் கூடுகிறதா? எலும்பில் மெல்லிய வெடிப்பாக இருக்கலாம், அதில் பாரம் ஏற்றவே கூடாது. காய்ச்சல், வீக்கம், இரவில் ஓய்விலும் நோ. இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் டொக்டர்.

2023 அக்டோபர் 1

ஒழுங்கை மாமியின் கால் ஆறிவிட்டது. கிளினிக்கில் கொடுத்த மூடின செருப்போடு நடக்கிறா. நேற்று கடைக்கு வந்து பிட்டு வாங்கிக்கொண்டு போனா.

என் பையில் மூன்று கிலோ.

2023 டிசம்பர் 10

மழை. ஒழுங்கையெல்லாம் தண்ணீர், ஈரப் படி வழுக்கும் என்று இரண்டு கிழமை பயிற்சியை விட்டேன். நோ எட்டிப் பார்த்தது. இப்போது குசினிக்குள் பலகைக் கட்டை ஒன்றை வைத்து அதில் ஏறுகிறேன்.

அதிர்வலைச் சிகிச்சை (கருவியால் குதியில் அதிர்வு கொடுப்பது) பற்றிக் கல்முனையிலிருந்து கேட்டவருக்கு: ஆறு மாதத்துக்கு மேல் இழுத்தடிக்கிற நோவுக்கு அதில் பலன் உண்டு என்று பிசியோவும் சொல்கிறார். எனக்குத் தேவைப்படவில்லை, அதனால் அனுபவம் சொல்ல முடியாது. பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்யாமல் அதற்குக் காசு கட்டாதீர்கள்.

2024 பெப்ரவரி 18

செங்கலடி ரீச்சர் எழுதியிருக்கிறா. வெட்டவில்லை. ஊசியும் போடவில்லை. நவம்பரிலிருந்தே முதல் அடி நோகவில்லையாம், ஏழு பாடமும் நின்று படிப்பித்த நாளில் மட்டும் பின்னேரம் இலேசாக இழுக்கிறதாம். கரும்பலகைக்குக் கீழே இருக்கிற மேடையின் ஓரத்தில் இடைவேளையில் குதியை ஏற்றி இறக்குகிறா, பிள்ளைகளும் பார்த்துவிட்டுச் சேர்ந்து செய்கிறார்களாம். மச்சாளுக்கும் இப்போது குதிக்கால் நோ, அவவுக்கும் துவாய் சுருட்டிக் கொடுத்திருக்கிறா.

எனக்கு போன கிழமை ஒரு விடியல். கரண்ட் இல்லை, கேத்திலில் தண்ணீர் வைத்துவிட்டு இருட்டில் நிற்கும்போதுதான், கட்டிலால் இறங்கி இவ்வளவு தூரம் சுவரைப் பிடிக்காமல் வந்திருக்கிறேன் என்று தெரிந்தது. விரலை இழுக்கவும் மறந்திருக்கிறேன். அப்படியே நிலத்தில் இருந்து பத்துத் தரம் இழுத்துவிட்டு மாவைக் குழைத்தேன்.

எத்தனை கிலோ என்று கேட்டவருக்கு: ஆறு. நோ விட்ட பிறகும் கிழமைக்கு இரண்டு நாள் ஏறுகிறேன், மாமி படியில் இருந்து எண்ணுகிறா.